மெல்வினைக் குணப்படுத்தியது காதல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இயக்கிய 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' (1997) திரைப்படம் குறித்து வெளியான கட்டுரையை வாசித்தேன். ஜாக் நிக்கல்சன், ஹெலன் ஹண்ட் இருவருக்கும் ஆஸ்கர் விருது பெற்றுத் தந்த அப்படத்தின் நடிப்பையும் நகைச்சுவையையும் கட்டுரையாளர் பாராட்டியிருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எண்ணச் சுழற்சி நோயால் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓ.சி.டி. என்னும் மனநோய்) அவதிப்படும் எழுத்தாளர் மெல்வினை 'ஒரு பெண்ணின் காதல் குணப்படுத்திவிடுகிறது' என்று அவர் முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை. படம் அப்படிச் சொல்லவே இல்லை.

கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்ப்பதும், ஒருமுறை கைகழுவிய சோப்பை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரிப்பதும், நடைபாதைக் கற்களின் இடைக்கோடுகளை மிதிக்க அஞ்சித் தாண்டித் தாண்டி நடப்பதுமாக வாழும் மெல்வின், தனக்குப் பிடித்தமான உணவகப் பணிப்பெண் கேரலிடம் ஓர் இரவு விருந்தில் மனம் திறக்கிறார். மாத்திரை என்றாலே தனக்கு வெறுப்பு என்றும், ஆனாலும் அவரைச் சந்தித்த ஓர் இரவுக்கு மறுநாள் காலையிலிருந்து மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிட்டதாகவும் கூறுகிறார். அதைத் தொடர்ந்து வரும் 'நல்ல மனிதனாக வேண்டும் என்ற ஆசையை நீ உண்டாக்குகிறாய்' என்ற பொருள்படும் வசனத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் மாத்திரையைத்தான் மறந்துவிடுகிறார்கள். காதல் அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இறுதிக் காட்சியில் விடியற்காலையில் கேரலுடன் நடக்கும்போது, இடைக்கோட்டின் மீது தன் கால் பட்டுவிட்டதை மெல்வின் கவனிக்கிறார். முற்றிலும் குணமானவர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

மேலும், இதை இருவரின் காதல் கதையாக மட்டும் சுருக்கியதால், பக்கத்து வீட்டு ஓவியர் சைமனுக்குக் கட்டுரையில் ஒற்றை வரிதான் கிடைத்திருக்கிறது. சைமன் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே அவரை வாய்க்கு வந்தபடி ஏசியவர் மெல்வின். சைமனுடைய நாயைக் குப்பைக் குழாயில் வீசியவரும் அவரே. திருடர்களால் தாக்கப்பட்டு சைமன் மருத்துவமனையில் கிடக்கும் நாட்களில் அந்த நாய் மெல்வினின் தலையில் கட்டப்படுகிறது. வேண்டாவெறுப்பாக ஏற்றவர், உணவகத்திலிருந்து அதற்கு இறைச்சித் துண்டுகளை எடுத்துச் செல்லும் அளவுக்கு இளகுகிறார். நாயும் அவரைப் போலவே கோடுகளைத் தவிர்த்து நடக்கப் பழகிவிடுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் தனியே அழும் இடத்தில் கேரல் இல்லை, காதலும் இல்லை. கேரலின் ஆஸ்துமா நோயாளி மகனுக்கு அவர் மருத்துவரை ஏற்பாடு செய்ததுகூடத் தொடக்கத்தில் தன்னலத்தால்தான். கேரல் வேலைக்கு வராவிட்டால் வேறு யார் பரிமாறினாலும் அவரால் சாப்பிட முடியாது. பின்னர், வீட்டை இழந்த சைமனுக்குத் தன் வீட்டிலேயே இடம் ஒதுக்குகிறார். கேரலைத் தேடிப் போகத் தயங்கும் இரவில் அவரை உந்தி அனுப்புபவரும் சைமனே. இந்த நட்பு இல்லையேல் அந்தக் காதலும் கைகூடியிருக்காது.

படம் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கும் அதிகமான வயது வேறுபாடு இருப்பது இன்று பார்க்கையில் உறுத்தவே செய்கிறது. மெல்வினின் வசைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சிரித்தோமே என்று சங்கடப்படவும் நேர்கிறது. கட்டுரையாளர் இவற்றையும் தொட்டிருக்கலாம்.

எண்ணச் சுழற்சி நோய்க்கு மருந்துகளும், அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும் இருக்கின்றன. அன்பு காட்டினாலே போதும் என்று நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடும் குடும்பத்தினரும் தங்கள் நாளிதழை வாசிக்கக்கூடும். எனவே, மேற்கண்ட வரிக்கு மட்டுமேனும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்