லிப்டன் கிண்ணத்தை வென்ற சுரங்கத் தொழிலாளர்கள்: தமிழ் நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

இலங்கை மலையகத்தின் அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்ன தோட்டத்து மலைமுனையில் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தேயிலை மலைகளைப் பார்த்த இடம் இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ள நாள்தோறும் ஆட்கள் ஏறி வருகிறார்கள். அதே லிப்டன் இத்தாலியில் ஓர் உதைபந்தாட்டக் கிண்ணம் வைத்தார். அதை இரண்டு முறை வென்றவர்கள் இங்கிலாந்தின் ஒரு கிராமத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தக் கழகத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். அச்சிடத்தான் பணம் போதவில்லை.

கழகத்தின் பெயர் வெஸ்ட் ஆக்லாந்து டவுன். நியூசிலாந்தின் ஆக்லாந்து வேறு. இது வட இங்கிலாந்தின் டரம் பகுதியில் உள்ள ஊர். 1889இல் தொடங்கிய நார்தர்ன் லீக்கில், தொழில்முறைப் பெருங்கழகங்களுக்குப் பல படிகள் கீழே ஆடுகிற கழகம்.

1909இல் இத்தாலியின் தூரின் நகரில் லிப்டன் கிண்ணப் போட்டி நடந்தது. முதல் உலகக் கிண்ணத்துக்கு அப்போது இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. இங்கிலாந்தின் பெரிய கழகம் எதுவும் போகவில்லை. இந்தச் சிறிய ஊருக்கு அழைப்பு எப்படி வந்தது? லண்டனின் பெரிய கழகமான வூல்விச் ஆர்சனலுக்குப் போக வேண்டிய கடிதம், ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் (W.A.) ஒன்றாக இருந்ததால் இங்கே வந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. அதை நூலில் கதையென்றே சொல்லியிருக்கிறோம். பயணச் செலவுக்காக வீட்டுச் சாமான்களை விற்றவர்களும் அடகு வைத்தவர்களும் இருந்தார்கள் என்பார்கள். அரையிறுதியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியையும், இறுதியில் சுவிஸ் நாட்டு வின்டர்தூர் அணியையும் 2-0 என்றே வென்றார்கள். 1911இல் மறுபடி போனார்கள். அந்த இறுதியாட்டத்தில் எதிரணி தூரின் நகரத்தின் யுவென்டஸ், முடிவு 6-1. இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே சொந்தமாயிற்று.

வெற்றியோடு கடனும் ஊருக்கு வந்தது. ஐரோப்பாவை வென்ற கிண்ணத்தை உள்ளூர் விடுதிக்கார அம்மையாரிடம் 40 பவுணுக்கு ஈடு வைத்தார்கள். 1960இல்தான் 100 பவுண் கொடுத்து மீட்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு! நகையை அடகு வைத்து வட்டி கட்டிய எந்தக் குடும்பத்துக்கும் அந்த வலி புரியும். 1994இல் கிண்ணம் திருடு போனது. இன்று அங்கே இருப்பது அதைப் போலவே செய்த இன்னொன்று. ஆனாலும் கழகம் ஓய்ந்துவிடவில்லை. 2012, 2014 ஆண்டுகளில் சிறிய கழகங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்காக லண்டனின் வெம்பிளி அரங்கம் வரை போனது, இரண்டிலும் தோற்றது. அந்த ஆட்டங்களுக்கும் நூலில் இடம் கொடுத்திருக்கிறோம்.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிப்டன் முதலில் பணக்காரரானது மளிகைக் கடைகளால். அதை மறைக்க மாட்டோம். ஆனால் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய பிறகு உலகம் அவரைத் தேயிலையால்தான் அறிந்தது. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் நம் பாட்டிமார். மண்ணுக்கு அடியில் கரி வெட்டியவர்களும் பனியில் கூடை சுமந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அந்த ஒரு கிண்ணத்தில் இரு சாராரின் உழைப்பும் இருக்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். லயத்து முற்றத்தில் பந்து உதைக்கிற பிள்ளை இதைத் தன் மொழியில் படிக்க வேண்டும்.

நூல் 96 பக்கம், 500 பிரதிகள். அச்சு, பழைய படங்களுக்கான உரிமைக் கட்டணம், பள்ளிகளுக்குக் கொண்டு சேர்க்கும் செலவு எல்லாம் சேர்த்து 4,50,000 ரூபாய் ஆகும். குழுவிலுள்ள ஆசிரியர்களும் முன்னாள் ஆட்டக்காரர்களும் 1,60,000 ரூபாய் போட்டிருக்கிறோம். மீதிக்கு உங்களை நம்பியிருக்கிறோம். ஒரு பிரதியின் அச்சுச் செலவு 600 ரூபாய். ஒரு பிரதிக்குக் கொடுத்தாலும் ஒரு பள்ளி நூலகத்துக்கு ஒரு நூல் போய்ச் சேரும். நூறு ரூபாய் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. நூல் விற்பனைக்கு அல்ல.

பணம் தர இயலாதவர்கள் எழுத்துப்பிழை பார்த்துத் தரலாம், தோட்டப் பள்ளிகளுக்குப் பொதிகளை எடுத்துச் செல்லலாம். கொடுத்தவர் பெயர்கள் கடைசிப் பக்கத்தில், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் வரும். முதல் பிரதியை வெஸ்ட் ஆக்லாந்துக் கழகத்துக்கே அனுப்பப் போகிறோம்.

நன்றியுடன்,
நூலாக்கக் குழுவினர்