மூடியின் உள்பக்கமும் லென்ஸ்தான்

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நேற்று கல்யாண மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவே நீ போனில் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. கேமரா லென்ஸுக்கு மூடி போடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, லென்ஸ் கீறிவிட்டதோ என்று பயப்படுகிறாய் என்பது மட்டும் புரிந்தது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் எதுவும் இல்லை. பில்டர் மாட்டுகிற மரையில் பிளாஸ்டிக் உரசிய வெள்ளைக் கோடுதான் அது. நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு. ஆனால் இன்றைக்கு மரையில் உரசியது நாளைக்குக் கண்ணாடியில் உரசலாம். போனில் சொன்னால் நிற்காது என்பதால் எழுதுகிறேன்.

ஸ்டுடியோவில் ஊரார் லென்ஸ்களையெல்லாம் துடைத்துக் கொடுக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். கீழே விழுந்து கெட்ட லென்ஸைவிட, மூடியால் கெட்ட லென்ஸ்தான் என்னிடம் அதிகம் வருகிறது. போன மாதம் புனலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு லென்ஸ் கொண்டுவந்தான். டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். முன் கண்ணாடியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பிறை பிறையாகக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கம். மூடியைப் போட்டுக் காட்டு தம்பி என்றேன். ஒரு விளிம்பை முதலில் உள்ளே சொருகி, மறு விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினான். முதலில் போன விளிம்பு சாய்ந்து எந்த இடத்தில் இடித்ததோ அதே இடத்தில்தான் அத்தனை பிறையும்.

மூடியின் இரண்டு பக்கமும் நாக்கு மாதிரி இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்பிரிங் உண்டு. இரண்டையும் ஒன்றாக அமுக்கினால் விளிம்பில் துருத்தி நிற்கும் பற்கள் உள்ளே போய்விடும். பிடியை விடாமல் மூடியை நேராக வெளியே எடு. போடும்போதும் முதலில் அமுக்கு. லென்ஸ் வாய்க்கு எதிரே தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் விளிம்புக்குள் போனது தெரிந்த பிறகு விடு. இரண்டு பற்களும் சேர்ந்து ஒரே ‘டக்’ என்று உட்கார வேண்டும். இரண்டு தடவை சத்தம் கேட்டால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நடுவில் தட்டி அமுக்காதே, திருகவும் செய்யாதே. முழுசாக எடுத்துவிட்டு மறுபடி போடு. கண்ணாடி முன்னால் உப்பியிருக்கிற அகல லென்ஸ்களுக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. மலிவு மூடியின் நடுவை அமுக்கினால் வளைந்து போய்க் கண்ணாடியைத் தொட்டுவிடும்.

உன் மூடியில் ஒரு ஸ்பிரிங் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாக்கையும் தனித்தனியாக அமுக்கி விட்டுப் பார். சட்டென்று திரும்பி வராமல் மந்தமாக வந்தாலோ பாதியில் நின்றாலோ அந்த மூடி வேண்டாம், தூரப் போடு.

கழற்றும்போது லென்ஸை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு கழற்றாதே. மூடிக்கும் மரைக்கும் நடுவில் சேர்ந்த தூசி முழுக்கக் கண்ணாடி மேல்தான் கொட்டும். வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கழற்று, தூசி தரைக்குப் போகட்டும். பக்கவெளிச்சத்தை மறைக்கிற வளையமான ஹூட் மாட்டிய லென்ஸ் என்றால் நடுவில் பிடிக்கிற மாதிரியான மூடிதான் சரி. பக்கத்தில் பிடிக்கிற மூடியை ஹூட்டுக்குள் விரலை நுழைத்து எடுக்கப் போனால் விரல் வழுக்கிக் கண்ணாடியில் ரேகை பதியும். பதிந்துவிட்டால் அன்றைக்கே துடைத்துவிடு. விரலின் எண்ணெயும் வியர்வையும் நாள்பட நின்றால் கண்ணாடி மேலுள்ள பூச்சைத் தின்றுவிடும்.

சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மினுங்குமே, அதுதான் அந்தப் பூச்சு. 1935-ல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்டுபிடித்தது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழுகிற வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அடித்துவிடும். அதைத் தடுக்கிற இந்தப் பூச்சில் ஒரு அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய ஒன்றைத்தான் நாம் நம்பி இருக்கிறோம்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். லென்ஸை எல்லாரும் பார்த்துப் பார்த்துத் துடைக்கிறார்கள், மூடியின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் நேரமெல்லாம் கண்ணாடிக்கு எதிரே இருப்பது அந்த உள்பக்கம்தான். அதில் ஒட்டியது எதுவானாலும் ராத்திரிக்குள் கண்ணாடிக்கு வந்துவிடும். கல்யாண வீட்டில் என்னவெல்லாம் பறக்கிறது என்று உனக்கே தெரியும். தாலி கட்டும்போது மஞ்சள் அரிசி, ஹோமப் புகையில் நெய்ப்பசை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போனால் பறையில் நிறைத்து வைக்கிற நெல்லின் உமி. மூடியை மேடை மேல் மல்லாக்க வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனால் இத்தனையும் அதில்தான் விழும். சட்டைப் பையில் போட்டால் அங்கே திருநீற்றுப் பொட்டலமும் சில்லறையும். மணல் வேறு இருக்கவே இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் மணலுக்கு 7, கண்ணாடிக்கு 6 அல்லது அதற்கும் கீழே. ஒரு பொடி மணல் போதும்.

அதனால் மூடிக்கென்று ஒரே இடம் வைத்துக்கொள். கேமரா பையில் ஜிப் வைத்த சின்ன அறை ஒன்றை அதற்கு மட்டும் ஒதுக்கு, வேறு எதையும் அதில் போடாதே. மறுபடி போடுவதற்கு முன் மூடிக்குள் புளோயரால், அதாவது அமுக்கினால் காற்றடிக்கிற ரப்பர் பந்தால், ரெண்டு ஊது ஊது. கண்ணாடிக்கும் அதே மாதிரி. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். ஊதிப் போகாததற்கு மென்மையான பிரஷ், அதற்கும் போகாததற்குத்தான் துணி. முந்தானையோ துப்பட்டா நுனியோ கூடவே கூடாது. மூடியைக் கயிறு கட்டித் தொங்கவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. நம் ஊர்க் காற்றில் அது ஆடி ஆடி லென்ஸ் மேலேயே வந்து மோதும்.

கேமராவிலிருந்து கழற்றிய லென்ஸின் பின்பக்கத்துக்குப் போடுகிற பின் மூடி விஷயத்தில் இன்னும் கவனமாக இரு. முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால்கூடப் பெரும்பாலும் படத்தில் தெரியாது, எதிர்வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். பின் கண்ணாடியில் விழுந்தால் தெரியும். பின் மூடிக்குள் இருக்கிற தூசி அந்தக் கண்ணாடிக்கும், அங்கிருந்து கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சாருக்கும் போகும். தோழியின் கேனனையும் வீட்டு நிக்கானையும் மாற்றி மாற்றி எடுக்கிறாய். லென்ஸ் மாட்டும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் திரும்புகிறவை, ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. பழைய நிக்கான் லென்ஸின் பின்பக்கத்தில் வெளிச்சம் போகிற துளையான அப்பர்ச்சரை அசைக்கிற தகட்டு நெம்புகோல் ஒன்று துருத்தி நிற்கும். தப்பான மூடியை வைத்து அழுத்தினால் அது வளைந்துவிடும். லென்ஸின் புள்ளிக்கு நேரே மூடியின் குறியை வைத்து, தானாக இறங்கிய பிறகு மட்டும் திருப்பு. லென்ஸ் மாற்றும்போது கேமரா வாய் கீழே பார்க்கட்டும். காற்றடித்தால் முதுகைக் காட்டி நின்றுகொள்.

ஆடியில் வருகிறேன், கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைச் சாரலில் எடுக்க வேண்டும் என்றாய். 1904-ல் ரயில் ஓட ஆரம்பித்த பாதை அது. மழையில் நனைந்த கல்லைப் பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும், அவசியம் வா. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்த மாதத்தில் வருகிற காற்று வெறும் காற்று இல்லை, பாதி தண்ணீர். ஈரத்தோடு மூடியைப் போட்டுப் பையில் வைத்தால், கொதிக்கிற சோற்றுப் பானையை மூடி வைத்த மாதிரி உள்ளே முத்து முத்தாக வியர்த்துவிடும். அதிலிருந்துதான் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை போலக் கண்ணாடிக்குள் படர்ந்துவிட்டால் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், பூச்சு போனது போனதுதான். முதலில் மேலே நிற்கும் நீரை ஒற்றி எடு. மின்விசிறிக் காற்றில் லென்ஸும் மூடியும் தனித்தனியாக ஆறட்டும், அப்புறம் மூடு. ஏ.சி. ரூமிலிருந்து வெளியே வரும்போது மட்டும் இதற்கு நேர்மாறு: மூடியையும் பையையும் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடு. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் உடனே பனி படியும். டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீல மணிகள் ரோஸ் நிறமானால் வறுத்து மறுபடி நீலமாக்கலாம், ஆனால் சமையல் சட்டியில் வறுக்காதே, அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது.

பரணில் இருக்கிற தாத்தாவின் மரக் கேமராவை நீ வெறும் அலங்காரமாகத்தான் பார்த்திருப்பாய். அதில் வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற ஷட்டரே கிடையாது, மூடிதான் ஷட்டர். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலம். 1956 நவம்பரில்தான் இந்தப் பக்கம் சேர்ந்தோம். தாத்தா மூடியை லேசாகக் கழற்றி, லென்ஸை மறைத்தபடியே ஒரு நொடி பிடித்துக்கொண்டிருப்பார், கழற்றிய அதிர்ச்சி அடங்குவதற்காக. அப்புறம் சட்டென்று விலக்கி, வாய்க்குள் எண்ணி, மூடுவார். விரல் நடுங்கினால் படம் பதிகிற கண்ணாடி பிளேட் வீண். மூடியைக் கழற்றுவது ஒரு கைவேலை என்று நான் நினைப்பது அவரைப் பார்த்துத்தான்.

விண்வெளிக்காரர்களையும் இது விடவில்லை. 1978-ல் வெள்ளிக் கோளுக்குப் போன சோவியத் கலங்கள் வெனேரா 11, 12 இரண்டிலும் கேமரா மூடி கழலாததால் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. 1982-ல் வெனேரா 14-ல் மூடி ஒழுங்காகக் கழன்றது, ஆனால் மண்ணைச் சோதிக்கிற கை இறங்க வேண்டிய இடத்திலேயே போய் விழுந்தது. அந்தக் கை மண்ணுக்குப் பதில் மூடியை அளந்தது.

புது மூடி இரண்டு வாங்கி அனுப்புகிறேன், கூடவே ஒரு புளோயரும். அளவு தெரிய வேண்டும். லென்ஸின் முன்வளையத்தில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட குறி ஒன்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் 52, 58, 67 என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார். 50 மி.மீ. என்று எழுதியிருப்பது குவிய தூரம், அது மூடியின் அளவு இல்லை. வெள்ளிக்கிழமை தென்காசி போகிறேன், அதற்குள் எண்ணை அனுப்பிவிடு. மூடி வந்து சேரும்வரை சுத்தமான மைக்ரோபைபர் துணியில் சுற்றி, லென்ஸை டப்பாவிலேயே வைத்திரு.

அன்புடன்,
அப்பா