537 வாக்குகளும் மூன்றாம் வேட்பாளரும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி அளித்தது; அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல். நாங்கள் அனைவரும் நலம். எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, படிக்கவும் எழுதவும் மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டதால், நீ கேட்ட கேள்விக்கு இம்முறை விரிவாகவே பதில் எழுத முடிகிறது.

முதல் முறையாக அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்கப்போகும் பேத்தி, இரண்டு பெரிய கட்சிகளையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக நிற்பவருக்கே தன் வாக்கு என்று சொல்வதையும், அது எதிராளியின் கணக்கில் சேரும் ஓட்டு என்று உன் மகன் அவளைக் கண்டிப்பதையும், இருவரும் உன்னை நடுவராக்கியிருப்பதையும் எழுதியிருந்தாய். 2000-இல் ரால்ஃப் நேடர் மூன்றாமவராக நிற்காமல் இருந்திருந்தால் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் அதிபராகியிருப்பார் என்ற உன் மகனின் வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கை அவர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார் என்பதுதான் என் எண்ணம்.

2000-ஆம் ஆண்டில், முடிவைத் தீர்மானித்த ஃபுளோரிடா மாகாணத்தில் பதிவான ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் முந்தியது 537 வாக்குகளால். பசுமைக் கட்சியின் நேடர் அங்கே பெற்றது 97,000-க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் தீர்ப்பை உடனே எழுதிவிடுகிறார்கள். ஆனால் நேடருக்கு வாக்களித்த எல்லோரும் கோரின் ஆட்கள் அல்லர். அந்த மாகாணத்தின் வாக்குச் சீட்டுகளைப் பின்னர் ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள், நேடர் இல்லாத தேர்தலில் வாக்களிக்க வந்திருந்தால் அவர்களில் குறைந்தது 40 சதவீதத்தினர் புஷ்ஷையே தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று கணித்தார்கள். வேறு பலர் வாக்குச்சாவடிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது 537-ஐவிட அதிகம் என்பதால் உன் மகன் சொல்வது சரிதான். ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சியின் சார்பில் நின்று அங்கே 562 வாக்குகள் வாங்கிய ஜேம்ஸ் ஹாரிஸையும் அதிபரைத் தீர்மானித்தவர் என்றே சொல்ல வேண்டியிருக்கும். அன்று ஃபுளோரிடாவின் சீட்டில் பெயர் அச்சான சிறிய வேட்பாளர்கள் ஒவ்வொருவரும் 537-க்கு மேல் வாங்கியிருந்தார்கள்.

மூன்றாமவர் ஒருவரை யாரும் விரும்பாமலே அவரால் முடிவு மாறக்கூடும் என்பதற்கும் அதே ஃபுளோரிடாதான் சான்று. பாம் பீச் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாக்குச் சீட்டில் பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்து அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்திருந்தார்கள். இடப்பக்கத்தில் கோரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. ஆனால் நடுவரிசையின் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த பேட்ரிக் புக்கானனுக்கு உரியது, கோருக்கு உரியது மூன்றாவது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்தக் கவுண்டியில் தீவிர வலதுசாரியான புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை தனக்கு விழ வேண்டியவை அல்ல என்பதைத் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார்.

உன் மகன் நிறுத்திய கணக்கின் மறுபாதியும் இந்தப் புக்கானனிடம்தான் இருக்கிறது. அயோவா, விஸ்கான்சின், நியூ மெக்சிகோ, ஆரிகன் ஆகிய நான்கு மாகாணங்களிலும் கோர் வென்ற வித்தியாசம் புக்கானன் பெற்ற வாக்குகளைவிடக் குறைவு. நியூ மெக்சிகோவில் அது வெறும் 366. சீர்திருத்தக் கட்சியின் பெயரில் நின்ற புக்கானன் முன்பு குடியரசுக் கட்சியில் இருந்தவர்; அவரும் நிற்காமல் அவருடைய வாக்குகள் புஷ்ஷுக்குப் போயிருந்தால் அந்த நான்கு மாகாணங்களின் 30 தேர்வாளர் வாக்குகளும் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு உள்ள வாக்குகள்) கூடவே போயிருக்கும். ஃபுளோரிடாவின் 25 கைநழுவியிருந்தாலும் புஷ், தேவையான 270-ஐத் தாண்டி 276 பெற்று வென்றிருப்பார். நேடரை மட்டும் சீட்டிலிருந்து அழித்துவிட்டு மற்ற எல்லோரையும் அப்படியே விட்டுவைப்பது வரலாற்றைத் தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் திருத்துவதாகும்.

இத்தனைக்கும் வேர் எலக்டோரல் காலேஜ், அதாவது தேர்வாளர் குழு, முறையில் இருக்கிறது. மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெற்றவர் அதிபர் என்பதும், மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாகாணங்களில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவரே அந்த மாகாணத்தின் அத்தனை தேர்வாளர்களையும் அள்ளிக்கொள்கிறார் என்பதும் அங்கேயே வசிக்கும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதனால் மூன்றாமவரின் பலம் அவர் எத்தனை வாக்கு பெற்றார் என்பதைவிட, அவை எங்கே விழுந்தன என்பதில்தான் இருக்கிறது. 1948-ஐப் போல இதைத் தெளிவாகக் காட்டும் தேர்தல் வேறில்லை. அப்போதைய அதிபர், ஜனநாயகக் கட்சியின் ட்ரூமனை எதிர்த்து அவருடைய கட்சியிலிருந்தே இருவர் பிரிந்து போனார்கள். தெற்கின் நிறவெறிக் கொள்கைக்காக ஸ்ட்ராம் தர்மண்டும், இடதுசாரிகளின் சார்பில் ஹென்றி வாலஸும் நின்று, இருவரும் ஏறத்தாழ சமமாக, நாடு முழுவதும் 2.4 சதவீதம் பெற்றார்கள். தர்மண்டின் வாக்குகள் தென்மாகாணங்களில் குவிந்திருந்ததால் அவருக்கு நான்கு மாகாணங்களும் 39 தேர்வாளர் வாக்குகளும் கிடைத்தன. நாடெங்கும் பரவிக்கிடந்த வாலஸின் வாக்குகளுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் நியூயார்க்கில் அவர் எடுத்த ஐந்து லட்சம் வாக்குகளால் அந்தப் பெரிய மாகாணம் ட்ரூமன் கையை விட்டுக் குடியரசுக் கட்சியின் டூயியிடம் போயிற்று. அப்படியும் ட்ரூமனே வென்றார்.

சுயேச்சையாக நின்ற செல்வந்தர் ராஸ் பெரோதான் அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷை (2000-இல் வென்றவரின் தந்தை) கவிழ்த்தார் என்று நீ எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1992-இல் அவர் 18.9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் வாக்குகள் வாங்கி ஒரு தேர்வாளர் வாக்குகூடப் பெறாமல் போனார். ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் 43 சதவீதத்தில் வென்றார். அன்றிலிருந்து எல்லோரும் உன்னைப் போலவேதான் சொல்லிவருகிறார்கள். ஆனால் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் அன்றே எடுத்த கருத்துக்கணிப்பில், பெரோவின் ஆதரவாளர்கள் இரண்டாவது தெரிவாகப் புஷ்ஷையும் கிளின்டனையும் ஏறக்குறையச் சரிபாதியாகவே சொன்னார்கள். பெரோவின் உண்மையான விளைவை வேறிடத்தில்தான் தேட வேண்டும். சொந்தக் காசில் தொலைக்காட்சியில் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, கையில் கோலும் வரைபட அட்டைகளுமாக உட்கார்ந்து, அரசின் பற்றாக்குறையைக் கணக்கு வாத்தியார் போல அவர் விளக்கினார். மற்ற இருவரும் பேசாமல் நழுவப்பார்த்த பொருளை அவர்கள் பேசியே தீர வேண்டியதாயிற்று. கிளின்டன் பதவியேற்ற முதல் ஆண்டிலேயே பற்றாக்குறைக் குறைப்பைக் கையிலெடுத்ததற்கு அந்த 19 சதவீதமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். பெரிய கட்சிகள் இதிலிருந்து வேறொரு பாடமும் கற்றுக்கொண்டன. 1996-இல் பெரோவுக்கு விவாத மேடையில் இடம் தரப்படவில்லை. 2000 முதல், கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இல்லாதவர் மேடை ஏற முடியாது என்ற விதியே வந்துவிட்டது.

வாக்கைப் பிரித்தார் என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவர் உண்டென்றால் அவர் 1912-இன் தியோடர் ரூஸ்வெல்ட், முன்னாள் அதிபர். தானே வளர்த்துவிட்ட, அப்போது அதிபராக இருந்த டாஃப்டுடன் மனம் முறிந்து, குடியரசுக் கட்சி மாநாட்டில் தோற்று, தனிக் கட்சி கண்டார். மில்வாக்கியில் அவர் மார்பில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டை, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த 50 பக்க உரையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் வேகம் குறைத்தன. குண்டு உடம்பில் இருக்கும்போதே, அதே உரையை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று பேசினார். அவர் 27 சதவீதமும் டாஃப்ட் 23 சதவீதமும் எடுக்க, 42 சதவீதம் எடுத்த ஜனநாயகக் கட்சியின் வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். பதவியில் இருந்த அதிபருக்குக் கிடைத்தவை எட்டு. இங்கே மூன்றாமவர் வெளியாள் அல்லர் என்பதைக் கவனி. ஒரு வீடு இரண்டுபட்டு, இரண்டு பங்காளிகளும் தோற்ற கதை அது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது 1844. அடிமை ஒழிப்பை மட்டுமே கொள்கையாகக் கொண்ட லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பிர்னி நியூயார்க்கில் 15,812 வாக்குகள் பெற்றார். டெக்சாஸை நாட்டுடன் இணைத்தே தீருவேன் என்ற ஜேம்ஸ் போக், அந்த இணைப்பை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது என்ற ஹென்றி கிளேயை அங்கே வென்றது 5,106 வாக்குகளால். நியூயார்க் கிளேயிடம் போயிருந்தால் ஆட்சியும் அவரிடம் போயிருக்கும். போக் வென்றார், அடுத்த ஆண்டே டெக்சாஸ் அடிமை மாகாணமாகச் சேர்ந்தது. கிளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான் என்பதால், பிர்னிக்கு வாக்களித்தவர்களை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனாலும், அடிமை முறையை மிகத் தீவிரமாக எதிர்த்தவர்களின் வாக்குகள் அதை விரிவாக்க வந்தவருக்கு வழிவிட்டன என்ற உண்மை அப்படியேதான் இருக்கிறது. உன் மகனுக்கு வாதம் வேண்டுமென்றால் நேடரைவிட இது வலுவானது. பேத்தி இதற்குப் பதில் வைத்திருப்பாள் என்றும் நினைக்கிறேன்: பதினாறே ஆண்டுகளில் அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் அதிபரானார், அந்தக் கொள்கையை முதலில் தேர்தல் களத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தப் பதினையாயிரம் பேரைப் போன்றவர்களே என்று அவள் சொல்லலாம்.

வெற்றிக்காக நிற்காமல் முட்டுக்கட்டைக்காகவே நின்றவரும் உண்டு. 1968-இல் நிறப்பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் (முன்பு சொன்ன ஹென்றி வாலஸ் அல்லர்) ஐந்து தென்மாகாணங்களை வென்று 46 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும் என்பதும், அங்கே மாகாணத்துக்கு ஒரு வாக்கு வீதம் எண்ணப்படும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த நிலை வந்திருந்தால் கறுப்பின மக்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும்படி பேரம் பேசியிருப்பார். நிக்சன் 301 பெற்றதால் அது நடக்கவில்லை.

இப்போது உன் மிச்சிகனுக்கு வருகிறேன். 2016-இல் டிரம்ப் அங்கே முந்தியது 10,704 வாக்குகளால். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் பெற்றது 51,463. ஜனநாயகக் கட்சியினர் இந்த இரண்டு எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதே சீட்டில், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்ட்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் 1,72,000-க்கு மேல் பெற்றதை, வசதியாக, யாரும் நினைவுபடுத்துவதில்லை. 2020-இல் அரிசோனாவையும் ஜார்ஜியாவையும் பைடன் வென்ற வித்தியாசத்தைவிட அக்கட்சியின் ஜோ ஜார்கென்சன் பெற்ற வாக்குகள் பல மடங்கு அதிகம். அதைப் பற்றி எழுந்த புலம்பல் ஏனோ சற்றுக் குறைவு. 2024-இல் நடந்தது இன்னும் விசித்திரம். சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஆகஸ்டில் விலகி டிரம்ப்பை ஆதரித்த பிறகு, போட்டி கடுமையாக இருந்த மாகாணங்களில் தன் பெயரை நீக்கச் சொல்லி நீதிமன்றங்களுக்குப் போனார். வட கரோலினாவில் அச்சடித்த சீட்டுகளையே ஒதுக்கிவிட்டுப் புதிதாக அச்சிட வேண்டியதாயிற்று. உன் மாகாணத்திலும் விஸ்கான்சினிலும் நீக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சீட்டில் ஏறுவதற்கு வழக்காடுபவர்களைப் பார்த்திருக்கிறோம், இறங்குவதற்கு வழக்காடியவரை அப்போதுதான் பார்த்தோம்.

ஆகவே குறையை வேட்பாளரிடம் தேடுவதைவிட எண்ணும் முறையில் தேடுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். மெய்னிலும் அலாஸ்காவிலும் அதிபர் தேர்தலிலேயே விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று குறிக்கலாம். முதல் தெரிவு தோற்றால் வாக்கு அடுத்தவருக்குப் போகும். இலங்கையில் 2024-இல் யாருக்கும் பாதி வாக்கு கிடைக்காததால், முதல் முறையாக விருப்பு வாக்குகளை எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்கவை வென்றவராக அறிவித்தார்கள். இரண்டு சுற்றுத் தேர்தல் வைத்தால் போதும் என்பாரும் உண்டு. 2002-இல் பிரான்சில் 16 பேர் நின்று இடதுசாரி வாக்குகள் சிதறியதில், இடதுசாரிப் பிரதமர் ஜோஸ்பன் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு, தீவிர வலதுசாரியான லெ பென் இரண்டாம் சுற்றுக்குப் போனதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் இந்த விதிகளை மாற்ற வேண்டியவர்கள் அந்த இரண்டு கட்சியினரே என்பதால், எனக்கு அவசரமான நம்பிக்கை எதுவும் இல்லை.

பேத்தியிடம் நீ என்ன சொல்வாய் என்பது உன் விருப்பம். நானாக இருந்தால், அவளுடைய வாக்கு எந்தக் கட்சிக்கும் முன்கூட்டியே சொந்தமானது அல்ல என்று உன் மகனிடமும், முடிவு முன்பே தெரிந்த கலிஃபோர்னியாவில் இருப்பவர் மூன்றாமவருக்கு வாக்களிப்பதும் மிச்சிகனில் இருப்பவர் அப்படிச் செய்வதும் ஒன்றல்ல, அந்த 10,704-ஐத் தெரிந்துகொண்டு முடிவு செய் என்று அவளிடமும் சொல்வேன்.

ஒன்று மட்டும் எனக்கு அறிய ஆவல். போட்டியிலிருந்து விலகிவிட்டதாக நாடே அறிந்த கென்னடிக்கு 2024-இல் உன் மாகாணத்தில் 26,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்திருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது உனக்குத் தெரியுமென்றால், அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
வேதாசலம்