மாவட்டக் கணக்கு போதாது, ஊர்க் கணக்கு வேண்டும்

மாநிலத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் சேர்க்கப்பட்டன. வளர்ச்சியை அளக்கும் 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள். எந்த மாவட்டம் எதில் பின்தங்கியிருக்கிறது என்று எல்லாரும் பார்க்கும்படி வைத்தது நல்ல வேலைதான். ஆனால் அந்தக் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது.

எங்கள் இராமநாதபுரத்தைப் பாருங்கள். கீழக்கரையில் வளைகுடா நாட்டுச் சம்பளத்தில் எழும்பிய வீடுகள். பாம்பனில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள். மூன்றையும் கூட்டி வகுத்து வரும் எண்ணை வைத்து யாருக்குத் திட்டம் தீட்டுவீர்கள்?

குடிநீரில் இது இன்னும் கொடுமை. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்ட விதிப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீர் தவறாமல் வந்தால்தான் அது இயங்கும் இணைப்பு. வறண்ட கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு ஊற்றி, பிளாஸ்டிக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணின் வாசலிலும் குழாய் நிற்கக்கூடும். குழாயை மட்டும் எண்ணினால் அவளுடையது தண்ணீர் கிடைத்த வீடு. ஊற்றடியில் அவள் காத்துக் கிடந்த நேரத்தை எழுத கணக்கெடுக்கும் படிவத்தில் இடமில்லை. அது கேட்கத் தெரியாத கேள்வியும் அல்ல: தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டு ஆய்வே நடத்தியிருக்கிறது. அதே கேள்வியை ஊர் ஊராகக் கேட்கச் சொல்கிறேன்.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். எத்தனை கணக்கு திறந்தார்கள் என்பதோடு, அதில் பணம் வந்து போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல். அடுத்தது 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை பழைய எண்களை வைத்து நிதி ஒதுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஊராட்சி வாரியாக, முடிந்தால் குக்கிராமம் வாரியாக, குறியீடுகளை வெளியிடுங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில் அந்தந்த ஊரின் தண்ணீர்க் கணக்கை ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொல்லுங்கள். தப்பான எண் என்றால் ஊர்ச்சனம் அங்கேயே எழுந்து சொல்லிவிடும். அந்தத் திருத்தம் தீர்மானமாகி உங்கள் மேசைக்கு வரவும், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் சேரவும் ஓர் ஆணை போடுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்