வைராக்கியம் கொஞ்சம் போதும், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மதுரைக்கே மாற்றல் வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை பரவாயில்லை, உளுந்து தப்பிவிட்டது. மூத்தவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டில் 6.3 என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி நாட்டில் 13 கோடிப் பேருக்கு மேல் இந்த எல்லையில்தான் நிற்கிறார்கள். இங்கிருந்து பலர் திரும்பியும் வந்திருக்கிறார்கள். உங்கள் அப்பா காலில் புண் ஆறாமல் பட்ட பாட்டை நாம் இரண்டு பேரும் கூடவே இருந்து பார்த்தோம். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

'எனக்கு வைராக்கியம் கிடையாது, அதான் கருப்பட்டிக்கு மாறிவிட்டேன், ஆபீஸில் இனிப்பு மாத்திரை' என்கிறாய். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச் சத்து உண்டு, மணமும் ருசியும் தனிதான். ஆனால் அதில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். ரத்தத்துக்கு நிறம் தெரியாது. போதாக்குறைக்குச் சந்தையில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் விற்கிறது. நல்லதுதானே என்று நீ கூடுதலாக ஒரு துண்டு போடுவாய், அதுதான் எனக்குப் பயம்.

மாத்திரை வேறு கதை. அதில் இருக்கும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு, அதனால் துளி போதும். ரத்தச் சர்க்கரையையும் சீனி மாதிரி ஏற்றாது. ஆனாலும் உடம்பு எடையைக் கட்டுப்படுத்த இந்த மாதிரி இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது. நீ இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. என் கவலை, நாக்கு பழைய இனிப்பையே கேட்டுக்கொண்டிருக்குமே என்பதுதான்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஆசையோடு மல்லுக்கட்டி யாரால் முடியும்? சாயங்காலம் களைத்து வரும்போது டப்பாவில் பிஸ்கட் இருந்தால் கை போகத்தான் செய்யும். மளிகைக் கடையில் அதை வாங்காமல் வருவதற்கு ஒரு நிமிஷ வைராக்கியம் போதும். செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

டீக்கடையிலும் அப்படித்தான். மாஸ்டர் கிளாஸ்களை வரிசையாக வைத்து முதலில் சீனியைப் போட்டுவிடுவார். டிகாக்‌ஷனும் பாலும் அதற்கு மேல்தான். ஆற்றிக் கையில் கொடுத்த பிறகு 'சீனி கம்மி' என்று சொல்லி என்ன பிரயோஜனம்? கடைக்குள் கால் வைக்கும்போதே சொல்லிவிடு. கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 கிராம், நாலு டீக்கு 32. நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம்.

ஒரேயடியாக நிறுத்தாதே. இரண்டை ஒன்றரை ஆக்கு, சில வாரம் போகட்டும், பிறகு ஒன்று. எனக்கு அப்படித்தான் நாக்கு மாறியது. இப்போது பாலிலேயே ஒரு இனிப்பு தெரிகிறது, தேயிலையின் துவர்ப்பு தனியாகப் பிடிபடுகிறது. பழைய அளவில் யாராவது கொடுத்தால் ஒரு மடக்குக்கு மேல் இறங்குவதில்லை. இதில் வைராக்கியம் எங்கே இருக்கிறது, சொல்லு.

தங்கச்சியிடமும் பேசு. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனி டீ என்றால் நாலு நாள்தான் ஓடும். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் இரண்டு பேரும் தெருவில் நடங்கள், ஏறுகிற சர்க்கரை அதிலேயே கொஞ்சம் அடங்கும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்து எண் என்னவென்று எழுது. கூடியிருந்தாலும் மறைக்காதே. செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் நான் வாங்கி வைக்கிறேன். உனக்கும் ஒரு துண்டு உண்டு.

அன்புடன்,
கோவில்பட்டியிலிருந்து உன் மாப்ளே