லாபி பாரும் டனோரா பாட்டிலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். சர் ஹென்றிஸ் நைட் கிளப் வாசலில் பையன்களும் பெண்களும் மழையில் வரிசை கட்டி நிற்கிற பழைய படம். கீழே, ‘அப்பா, நீங்க இங்கெல்லாம் போயிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தாய். மெல்போர்னில் இருந்துகொண்டு அயர்லாந்தின் கார்க் ஊரில் மூடிப்போன பப்களைப் பற்றி நீ கேட்கிறாய் என்பதே எனக்குச் சந்தோஷம். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போயிருக்கிறேன். ஆனால் எல்லாரும் கேட்கிற அந்த ராத்திரி போகவில்லை. 1991 ஆகஸ்ட் 20 அன்று சோனிக் யூத் குழுவின் கச்சேரிக்கு முன்னால் நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழு அங்கே வாசித்தார்கள். அவர்களை உலகமே தெரிந்துகொண்ட ஆல்பம் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. எனக்கு அன்று வார்டில் நைட் டியூட்டி. இந்த ஊரில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு உள்ளே இருந்ததாகத்தான் சொல்வார்கள். அத்தனை பேரும் உள்ளே இருந்திருந்தால் அந்தக் கட்டிடம் அன்றே விழுந்திருக்கும், இடிக்க ஆள் வைத்திருக்க வேண்டியதில்லை. 2003-இல் மூடி, அப்புறம் தரைமட்டமாக்கினார்கள்.

நான் போனது வேறொரு நாள். கூட வேலை பார்த்த டாக்டர் பையன்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். கிரெக் டவ்லிங், ஷேன் ஜான்சன் என்ற இரண்டு பேர் 1988-இலிருந்து ‘ஸ்வெட்’ என்று ஒரு நடன இரவு நடத்திக்கொண்டிருந்தார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி சுவரெல்லாம் வியர்வை வழிந்தது. நான் ஒரு தூண் ஓரமாகக் கையில் கோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தச் சங்கீதம் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் கண்ணாடி போட்ட, ஆடத் தெரியாத ஒரு இந்தியனை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1990-இல் கார்க்கில் அது சாதாரண விஷயம் இல்லை, பாப்பா. பேட்ரிக் ஸ்ட்ரீட்டில் நடந்தால் குழந்தைகள் அம்மா கையை இழுத்து என்னைக் காட்டும்.

என்னுடைய இடம் வேறு. யூனியன் கீ என்று லீ ஆற்றை ஒட்டி, சிட்டி ஹால் பக்கத்தில் ஒரு தெரு இருக்கிறதே, அங்கேதான் லாபி பார் இருந்தது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போவோம். உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லை.

என்னை அங்கே முதலில் கூட்டிப்போனவர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற போர்ட்டர். சாயங்காலம் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். ரூமில் இருப்பேன் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, ‘கோட்டைப் போடு, டாக்டர்’ என்றார். நான் குடிக்க மாட்டேன் என்று படியேறும்போதே சொல்லிவிட்டேன். உங்கள் தாத்தா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியுமே. திருநெல்வேலியில் அந்தக் காலத்தில் குடிக்கப் போகிறவன் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போவான். நான் அந்த ஊர்ப் பிள்ளை. இங்கே என்னடா என்றால் ரிட்டையர்டு வாத்தியார், சர்ச் ஃபாதர், கடையில் வேலை பார்க்கிற அம்மா எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். போர்ட்டர் எனக்கு ஒரு டனோரா வாங்கி வைத்தார். ஆமாம், உன் ஸ்கூல் பார்ட்டிகளில் வருமே, அதே ஆரஞ்சு நிற டாஞ்சரின் சோடா. இந்த கார்க் மாவட்டத்தைத் தாண்டினால் அதைத் தெரிந்தவர்கள் குறைவு. பார்க்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடித் தம்ளரைத் துடைத்து, ஐஸ் போட்டு, பக்கத்திலிருந்தவரின் மர்ஃபிஸ் பீருக்குக் காட்டிய அதே அக்கறையோடு எனக்கும் ஊற்றினார்.

மேல்மாடியில் சின்ன அறை, கச்சேரி அங்கேதான். வாசிக்க ஆரம்பித்துவிட்டால் யாரும் பேசக் கூடாது. குடிக்கிற இடத்தில் இப்படி ஒரு அமைதியா என்று எனக்கு ஆச்சரியம். நம் சபாக்களில் கூட டிபன் பேச்சு ஓடுமே. அந்த ராத்திரி ஒருவர் இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் வாத்தியம் வாசித்தார். வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி, இடது கைக்குக் கீழே ஒரு பை, அந்தப் பையை அழுத்தி அழுத்தித்தான் காற்று. அடியில் ஒரே சுருதி விடாமல் நின்றுகொண்டே இருக்கிறது, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிற மாதிரி. அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போர்ட்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்புறம் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஐரிஷ் மொழியில் பாடினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் டியூட்டி இல்லாத நாளெல்லாம் நான் அங்கேதான். ஒரு கஷ்டம் மட்டும் சொல்ல வேண்டும். இங்கே ஆளுக்கு ஆள் தனியாக வாங்கிக் குடிக்கும் பழக்கம் இல்லை. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்து அடுத்தவர் முறை. நான் குடித்தது டனோரா, என் முறை வந்தால் வாங்கிக் கொடுத்தது ஐந்து பைன்ட் பீர். ஜூனியர் டாக்டர் சம்பளத்தில் அது கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். ஆனால் முறை தவறினால் உன்னை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

குளிர்காலத்தில் பதினொரு மணிக்கு, கோடையில் பதினொன்றரைக்கு விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். ‘உங்களுக்கெல்லாம் போறதுக்கு வீடு இல்லையா?’ என்று பார்க்காரர் கத்துவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னொரு கூத்து. இரண்டு மணி முதல் நான்கு வரை சட்டப்படி கடை மூட வேண்டும், ‘ஹோலி அவர்’ என்பார்கள். வார நாட்களில் இருந்ததை 1988-இலேயே எடுத்துவிட்டார்கள். ஞாயிறு மட்டும் 2000 வரை இருந்தது. சில இடங்களில் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, உள்ளே இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு குடிப்பார்கள். போலீஸ்காரர் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பயந்துபோய்க் கேட்டேன். ‘அவருக்கும் ஒரு பைன்ட் ஊற்றுவோம்’ என்றார்கள்.

உன் அம்மாவும் வந்திருக்கிறாள், தெரியுமா? ஷாண்டன் பக்கம் ஒரு சின்ன பப், இப்போது இல்லை. அதில் ‘ஸ்னக்’ என்று பலகை வைத்து மறைத்த ஒரு குட்டி அறை. இரண்டு பெஞ்ச், மங்கலான கண்ணாடி, பாரிலிருந்து தம்ளரை நீட்ட ஒரு சின்ன ஜன்னல். அந்தக் காலத்துப் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் ஒரு கிளாஸ் குடிக்க வேண்டுமென்றால் அங்கேதான் உட்கார்வார்களாம். அம்மா அங்கே உட்கார்ந்து டீ குடித்தாள். குளிர்காற்று வராத இடமாக இந்த ஊரில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் என் கோட்டைக் கொல்லையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள், அவ்வளவு சிகரெட் நாற்றம்.

நைட் கிளப் சாப்பாடு பற்றி உன்னிடம் சொன்னேனா? நீ சிரிப்பாய். அப்போதெல்லாம் நள்ளிரவுக்கு மேல் மது விற்க வேண்டுமானால் சாப்பாடும் போட வேண்டும் என்று சட்டம். டிக்கெட்டோடு சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு தருவார்கள். மஞ்சளாக ஒரு குழம்பு, அதில் உலர்ந்த திராட்சை மிதக்கும், பாதித் தட்டு சோறு, மீதிப் பாதி உருளைக்கிழங்கு சிப்ஸ். அதற்குப் பெயர் கறி. கூட வந்தவர்கள் எல்லாரும் நான் வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டு, ‘எப்படி, உங்கள் ஊர் மாதிரியே இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். அருமையாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது? பசி வேறு.

நான் வருவதற்கு முன்பே முடிந்துபோன இடங்களும் உண்டு. கென்ட் ஸ்டேஷன் பக்கத்தில் ஆர்கேடியா என்று பெரிய நடனக்கூடம். அறுபதுகளில் ஷோபேண்டுகள் என்கிற நடன இசைக் குழுக்கள், எழுபதுகளின் கடைசியில் பங்க் ராக் கூட்டம். யு2 என்ற ஐரிஷ் ராக் குழு பேர் வாங்குவதற்கு முன்னால் அங்கே பலமுறை வாசித்தார்கள். அவர்களுடைய சவுண்ட் இன்ஜினியர் ஜோ ஓ’ஹெர்லிஹி இந்த ஊர்க்காரர்தான். என் பேஷன்ட் ஒருவர் தன் மனைவியை அந்தக் கூடத்தில்தான் முதலில் பார்த்தாராம். ரத்த அழுத்தம் பார்க்கிற நேரத்தில் இந்தக் கதையை எடுத்துவிடுவார், அளவு ஏறிவிடும்.

பேரக் ஸ்ட்ரீட்டில் இருந்த நான்சி ஸ்பெயின்ஸ் பப்பும் போய்விட்டது. அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள். பீமிஷ் மதுபான ஆலை 1792-இல் தொடங்கியது, 2009-இல் மூடினார்கள். அது இருந்தவரை சவுத் மெயின் ஸ்ட்ரீட் முழுக்க வறுத்த தானிய வாசனை அடிக்கும். அந்த மனையில் பெரிய அரங்கம் கட்டப் போகிறோம் என்று 2016-இல் பிரதமரே வந்து மண்வெட்டி பிடித்துத் தொடங்கிவைத்தார். வருஷக்கணக்காக ஒரு சுவர் எழும்பவில்லை. தோண்டியதில் லாபம் தொல்லியல்காரர்களுக்குத்தான். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் காலத்து நெசவுக் கருவி ஒன்று முழுசாகக் கிடைத்தது.

லாபி பார் 2005-இல் மூடியது. அந்த வருஷம்தான் கார்க், ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகரம் என்று ஊரெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. விழாவுக்குப் பணம் வருகிறது, பாட்டுக்காரர்கள் வாராவாரம் வாசித்த அறை போய்விடுகிறது. ஜான் ஸ்பில்லேன் என்ற கார்க் பாடகர் அந்த அறையைப் பற்றி ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். இப்போது மிஞ்சியது அதுதான்.

இதெல்லாம் ஏன் போயிற்று என்று கேட்டால், ஜனங்கள் குடிப்பதை விட்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. லைசென்ஸ் விஷயம் கொஞ்சம் கேள். இங்கே 1902-லிருந்து மது விற்கப் புது லைசென்ஸ் கொடுப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பழையதை வாங்கி ஒழித்தால்தான் புதியது. 2000-இல் சட்டத்தைத் தளர்த்தி, நாட்டின் எந்த மூலையில் இருக்கிற லைசென்ஸையும் வாங்கி வேறெங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றார்கள். ஒரு தெருமுனை பப் சூப்பர்மார்க்கெட்டின் மது அலமாரியாக மாறலாம் என்று அர்த்தம். வயதான முதலாளி, பிள்ளைகள் கடையைப் பார்க்க விருப்பமில்லை, லைசென்ஸுக்கு ஒருவன் விலை சொல்கிறான், கட்டிடத்துக்கு இன்னொருவன் சொல்கிறான். அவர் என்ன செய்வார்? 2005-க்குப் பிறகு நாடு முழுக்க 1,900-க்கும் மேற்பட்ட பப்கள் மூடியிருக்கின்றன. நைட் கிளப் கதை இதைவிட மோசம். நேரம் தாண்டித் திறந்திருக்க ஒவ்வோர் இரவுக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கி 410 யூரோ கட்ட வேண்டியிருந்தது. 2022-இல்தான் அதைக் குறைத்தார்கள். அதற்குள் கொரோனா வேறு வந்து, கிளப்கள் 2020 மார்ச்சிலிருந்து அடுத்த வருஷம் அக்டோபர் வரை பூட்டிக் கிடந்தன.

ஆனால் போனதற்கெல்லாம் நான் அழ மாட்டேன். நான் நெஞ்சு நோய் டாக்டர். 2004 மார்ச் 29 அன்று வேலை செய்யும் இடங்களில் புகை பிடிக்கத் தடை வந்தது, ஒரு நாடே இப்படிச் செய்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. பப்பே செத்துவிடும் என்று கத்தினார்கள். பார் ஊழியர்கள் முப்பது வருஷம் அந்தப் புகையில் நின்று என்னிடம் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஈரல் கெட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனையும், அவன் மோதியவனையும் ஒரே ராத்திரியில் பார்த்திருக்கிறேன். பழைய பப் என்றால் எல்லாம் பாட்டும் சிரிப்பும் என்று எழுதுகிறவர்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் எமர்ஜென்சியில் வந்து நின்றிருக்க வேண்டும். அதே ஆட்கள்தான் வீட்டில் டிவி முன்னால் சூப்பர்மார்க்கெட் பீர் குடித்துக்கொண்டு, லாபி போச்சே என்று புலம்புவார்கள்.

எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்றுதான். ஊரில் யாரையும் தெரியாத, குடிக்காத ஒரு ஆள் காசு பெரிதாகச் செலவழிக்காமல் மூன்று மணி நேரம் நாலு பேரோடு உட்கார ஒரு இடம் இருந்தது. இப்போது வருகிற நம் நர்ஸ் பெண்களும் சாஃப்ட்வேர் பையன்களும் டியூட்டி முடிந்து ரூமுக்குப் போய் போனைப் பார்க்கிறார்கள். வா, கோட்டைப் போடு என்று அவர்களை யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. நான் இரண்டு மூன்று பேரை வின்த்ராப் ஸ்ட்ரீட் லாங் வேலி பப்புக்குக் கூட்டிப்போனேன். அது நல்லவேளையாக இருக்கிறது, தடிமனான ரொட்டி சாண்ட்விச்சும் இருக்கிறது. ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.

2014-இல் இங்கே யுனிவர்சிட்டி லைப்ரரியில் சர் ஹென்றிஸ் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். போஸ்டர், டிக்கெட், போட்டோ எல்லாம் இருந்தது. தலை நரைத்த ஆட்கள் கண்ணாடிப் பெட்டியில் குனிந்து கூட்டத்தில் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் தேடினேன். தூண் ஓரத்தில் நின்றவனை எவன் போட்டோ எடுப்பான்?

என் கதை முடிந்தது, இனி உன் முறை. நீ இங்கே காலேஜ் படித்தபோது போன இடங்களில் எத்தனை மூடிவிட்டன, பெயர் போட்டு எழுது. கூடவே, லீவிங் சர்ட், அதான் ஸ்கூல் கடைசிப் பரீட்சை, ரிசல்ட் வந்த ராத்திரி தோழி வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கு வந்தாயே, எங்கே இருந்தாய் என்பதையும் எழுதிவிடு. அம்மாவிடம் கடிதத்தைக் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா