கோட்டைக்கு ஒரு நாள், லாக்குகளுக்கு ஒரு வாரம்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மைதிலியின் முழங்கால் தேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. ஆம்ஸ்டர்டாம்–புடாபெஸ்ட் கப்பல் பயணம் அவளுக்குத் தோதானதுதான். ஏறி இறங்கும் வேலையைக் கப்பலே செய்துவிடும்.

ஆனால், கோட்டைகளைப் பார்த்துக்கொண்டே லாக்குகளை (இருபுறமும் கதவு வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலைத் தூக்கும் அறைகளை) தாண்டுவோம் என்று எழுதியிருக்கிறாயே, அப்படி நடக்காது. கோட்டைகள் மொய்த்திருப்பது ரைன் ஆற்றில், கோப்லென்ஸுக்கும் பிங்கனுக்கும் நடுவே 65 கி.மீ. அங்கே ஆறு தன்போக்கில் ஓடுகிறது, ஒரு லாக் கூட இல்லை. மைன்ஸ் அருகே மைன் ஆற்றுக்குள் திரும்பிய பிறகுதான் லாக்குகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். பாம்பெர்க் வரை 34, அதற்கப்புறம் டான்யூப் ஆற்றைத் தொடும் கால்வாயில் 16.

ரைனில் நீங்கள் எதிர்நீச்சலில் போவது நல்லதே. மேலேறும் கப்பல் மெதுவாகப் போகும், அந்தத் தூரத்துக்கு ஆறு மணி நேரம் ஆகலாம். கேபினில் இருக்காதீர்கள், மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். கரையில் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும், எண் குறைந்துகொண்டே வரும். ஆரம்பத்தில் 585இல் வலப்புறம் வரும் ஸ்டோல்சன்ஃபெல்ஸ் கோட்டையைத் தவறவிடாதே. 1689இல் பிரெஞ்சுப் படை எரித்ததை 1842 வாக்கில் பிரஷ்ய அரசன் கட்டி முடித்தான். இப்படிப் பல கோட்டைகள் 19ஆம் நூற்றாண்டின் ஆசையில் மீண்டும் கட்டியவைதான். மலைமேல் இருப்பவற்றில் ஒருபோதும் இடிபடாதது 580இல் இடப்புறம் நிற்கும் மார்க்ஸ்பூர்க் மட்டுமே. லோரலைப் பாறை (555) வரை இடப்புற நாற்காலியே நல்லது. ஓபர்வேசல் (549) வந்ததும் வலப்புறம் மாறிவிடு, ஆனால் 546இல் காவுப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவிலேயே நிற்கும் சுங்கக் கோட்டைக்கு மட்டும் ஒரு கண் வைத்துக்கொள். பாகராக், ஸோனெக், ரைன்ஷ்டைன் எல்லாம் வலப்புறமே.

இனி லாக். நீங்கள் போகும் மாதிரியான கப்பல் 11.45 மீட்டர் அகலம், லாக் 12 மீட்டர். பக்கத்துக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கையை வெளியே நீட்டாதீர்கள். பின்கதவு மூடியதும் மேலிருக்கும் தண்ணீர் தன் எடையாலேயே உள்ளே இறங்கிக் கப்பலைத் தூக்கும், நிரப்புவதற்குப் பம்ப் கிடையாது. கால்வாயின் 16இல் 13 லாக்குகளுக்குப் பக்கத்தில் படிப்படியாகத் தொட்டிகள் உண்டு. காலி செய்யும்போது ஏறக்குறைய 60 சதவீதத் தண்ணீரை அவற்றில் பிடித்துவைத்து அடுத்த நிரப்புக்குத் திருப்பி விடுகிறார்கள். ஹில்போல்ட்ஸ்டைன் லாக்கின் ஏற்றம் 24.67 மீட்டர். அதை மட்டும் தூக்கத்தை விட்டாவது பார்த்துவிடு. அதைத் தாண்டினால் கடல்மட்டத்துக்கு 406 மீட்டர் உயரத்தில் கால்வாயின் உச்சி. பாலங்கள் தாழ்வு என்பதால் அந்தப் பக்கம் மேல்தளத்தை அடிக்கடி மூடிவிடுவார்கள், கப்பலோட்டும் அறையையே கீழே இறக்குவார்கள்.

பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதே. லாக்குக்குள் எந்தக் கேபினுக்கும் ஈரச் சிமெண்டுச் சுவர்தான் தெரியும். துறையில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவதால் எதிர்க் கப்பல்காரரின் படுக்கையும் தெரியும். நடுப்பகுதிக் கேபின் எடு, பின்பக்கம் இன்ஜின் சத்தம். ரைன் கரை ஊரான ரூடஸ்ஹைமில் இரவு தங்கினால் கரையோரம் சரக்கு ரயில் போய்க்கொண்டே இருக்கும், காதுக்குப் பஞ்சு வை.

பெரிய தொல்லை தண்ணீர்தான். காவுப்பில் உள்ள நீர்மட்ட அளவுகோல் ஏறக்குறைய 78 செ.மீ. காட்டினால் கப்பல் வழியில் 1.90 மீட்டர் ஆழம் என்று கணக்கு. 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. வெள்ளம் வந்தாலோ பாலத்தடியில் நுழைய முடியாது. டான்யூபில் ஷ்ட்ராவ்பிங்–ஃபில்ஸ்ஹோஃபன் பகுதியும் கோடை வறட்சியில் மாட்டிக்கொள்ளும். அப்போது பஸ்ஸில் ஏற்றி, மறுபக்கம் காத்திருக்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். ஆகவே மே, ஜூன் பார். மைதிலியின் மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாதே, கைப்பையில் இருக்கட்டும்.

தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
கண்ணன்